மேற்குச் சுவரோரம் பன்னிரண்டு மெஷின்கள்

நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம், கடைசியாக வேலை பார்த்த பனியன் கம்பெனியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. என் நாற்காலியில் இப்போது இருக்கும் பொறியாளர் பெண்தான் பேசினாள். கம்பெனி ஒடிசாவில் ஒரு கிளை திறக்கிறதாம். கடுமையான வெயில் ஊர். அங்கே சேர்ந்திருக்கும் தையல் பெண்களுக்கு நாளொன்றுக்கு எத்தனை பீஸ் டார்கெட் வைக்கலாம் என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “சார், அந்தப் பக்கத்து ஆளுங்களே கொஞ்சம் ஸ்லோதானுங்களா?” என்றாள்.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் இதே கேள்வியை என்னிடம் கேட்டார். அப்போது “அந்தப் பக்கத்து ஆட்கள்” என்பது நாங்கள். போனில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். உட்கார்ந்து எழுதினால் இவ்வளவு நீளமாகிவிட்டது.

பிழைப்புக்கு நான் செய்தது நேரம் அளப்பது. சேவூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்து, இரண்டு கம்பெனிகளில் கட்டிங், செக்கிங் எல்லாம் பழகி, பிறகு கையில் ஸ்டாப் வாட்ச்சும் அட்டையும் வாங்கிக்கொண்டேன். டெய்லர்கள் எனக்கு வைத்த பெயர் வாட்ச்சுக்காரர். ஒரு சட்டையில் தோள் மூட்ட எத்தனை விநாடி, கை ஏற்ற எத்தனை விநாடி, கழுத்துப் பட்டி வைக்க எத்தனை விநாடி என்று அளந்து, அதைக் கூட்டி, ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் என்று எழுதி ஒட்டுவேன். நான் எழுதி ஒட்டியதுதான் அன்றைய சட்டம்.

அளப்பதற்கு ஒரு முறை உண்டு. டெய்லருக்கு முதுகுப்புறம் நிற்கக் கூடாது. இடது தோளுக்குச் சற்றுப் பின்னால், அவள் திரும்பினால் நம் முகம் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். முதல் இரண்டு பீஸைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆள் நிற்பதைப் பார்த்த படபடப்பு அதில் இருக்கும். அப்புறம் பத்துப் பீஸ். நூல் அறுந்தால் அந்தப் பீஸை அடித்துவிட வேண்டும். பத்தையும் கூட்டி வகுத்து, அதன்மேல் அலவன்ஸ் சேர்க்க வேண்டும். நூல் மாற்றுவதற்கு, தண்ணீர் குடிப்பதற்கு, கழிவறை போய்வருவதற்கு, களைப்புக்கு. இந்தக் களைப்பு அலவன்ஸ் மட்டும் நாங்கள் அளந்ததல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சார்ட்டில் எழுதியிருந்ததை அப்படியே எடுத்துப் போடுவோம். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

என் மேலதிகாரி தங்கமுத்து சார், பொங்கலூர்க்காரர். ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பென்சில். ஆபீசில் பேனாவே தொட மாட்டார். தப்பாக எழுதியதை அழிக்க முடிய வேண்டும் என்பார். முதலாளிக்கும் ‘ங்க’, குப்பை அள்ளும் அம்மாவுக்கும் ‘ங்க’. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. டார்கெட் தாளை நீட்டினால் உடனே கையெழுத்துப் போட மாட்டார். லைனுக்கு வந்து, அந்த டெய்லரை எழுப்பிவிட்டு, அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பீஸ் தைப்பார். தையல் பாம்பு நெளிகிற மாதிரி போகும். பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு என்னிடம் கேட்பார்: “ஏனுங்க, உங்க சம்சாரம் இங்க உக்காந்து தெச்சா, இதே நேரத்தத்தான் போடுவீங்களா?” பதில் சொல்வதற்குமுன் நான் தாளை இன்னொரு தடவை பார்ப்பேன். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

அந்த வெள்ளைக்காரர் வந்த வருடம் எங்களுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. வடக்கே ஒரு குளிர்நாட்டுக்குக் குளிர்காலச் சட்டைகள். உள்பக்கம் பஞ்சு மாதிரி மயிர் எழுப்பிய கனத்த துணி. அங்கே பனி விழும்போது கடைக்கு வர வேண்டுமென்றால் இங்கே ஏப்ரல், மே மாதங்களில் தைத்தாக வேண்டும். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். அக்கினி நட்சத்திரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, கம்பளி போன்ற துணியை மடியில் போட்டுக்கொண்டு முந்நூறு பேர் தைத்தார்கள்.

அந்த வெளிநாட்டுச் சார்ட்டில் ஒவ்வொரு தையலுக்கும் இத்தனை விநாடி என்றும் போட்டிருக்கும். இந்த ஆர்டருக்கு அதன்படி வர வேண்டிய பீஸ் வரவில்லை. வாங்குகிறவர்கள் ஒரு நிபுணரை அனுப்பினார்கள். பெயர் ஹென்ரிக். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம். அவருடைய அப்பாவும் தையல்காரர் என்றும், தானும் பதினாறு வயதில் மெஷினில் உட்கார்ந்தவன் என்றும் வந்த அன்றே சொன்னார். ஆணவம் இல்லாத மனிதர். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும் என்பதால் என்னை அவரோடு விட்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம், ஆபீசில் நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். இந்த ஊர் ஆட்கள் இயல்பாகவே மெதுவானவர்களா? கேட்டுவிட்டுத் தானே விளக்கமும் சொன்னார். அவர் ஊரில் ஆறு மாதம் பனி. விறகும் தானியமும் சேர்த்து வைக்காதவன் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டான். அதனால் அவர்கள் நாளை எண்ணப் பழகினார்கள், திட்டம் போடப் பழகினார்கள், கடிகாரம் செய்தார்கள், கப்பல் விட்டார்கள். வெயில் நாட்டுக்காரனுக்கு அந்த நெருக்கடியே இல்லை. மரத்தடியில் படுத்தாலும் வருடம் கழிந்துவிடும். அதனால்தான் சில நாகரிகங்கள் முன்னே போயின, சில பின்தங்கின. இது யாருடைய குற்றமும் இல்லை, வானிலையின் வேலை என்றார். சொன்ன விதத்தில் ஒரு கனிவுகூட இருந்தது.

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தார். மத்தியானத்தில் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். டிப்ளமோ படித்த காலத்தில் அதைப் பார்த்து நான் வெட்கப்பட்டிருக்கிறேன். ஹென்ரிக் சொல்வது சரிதானோ என்று அந்த நிமிடம் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

தங்கமுத்து சார் கை கழுவிவிட்டு வந்து, நான் சொல்றத அவருக்குச் சொல்லுங்க என்றார். மழை மேற்கே மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும், எங்களுக்கு வருவது காற்று மட்டும். தாராபுரத்துக்காரர்களுக்கு அமராவதி இருந்தது, நெல் போட்டார்கள். எங்களுக்கு ஆறு இல்லை. அவருடைய அப்புச்சியும், அந்தத் தாத்தாவின் அண்ணன் தம்பிகளும் பாறையை உடைத்துக் கிணறு வெட்டியிருக்கிறார்கள். ஒரு தலைமுறை வெட்டிய கிணற்றை அடுத்த தலைமுறை இன்னும் ஆழமாக்கியிருக்கிறது. அதுவும் வற்றிய பிறகுதான் பனியன் மெஷின் வாங்கினார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகச் சொன்னார்:

“பனிக்குப் பயந்து அவுங்க வெறகு சேத்தாங்க. வெயிலுக்குப் பயந்து நாங்க கெணறு வெட்டுனோம். பயம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானுங்களே. படுத்துக்கிட்டு யாருங்க இருந்தா?”

நான் மொழிபெயர்த்தேன். ஹென்ரிக், அப்படியென்றால் இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது என்று கேட்டார். தங்கமுத்து சார் அதற்கு, தெரியலீங்க என்றார். ஒப்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஹென்ரிக் ஒரு பட்டியல் கேட்டார். சார்ட்டுக்கு மிகவும் கீழே தைக்கும் பன்னிரண்டு டெய்லர்களை மெஷினிலிருந்து எடுத்துக் கைமடி வேலைக்குப் போட வேண்டும். கைமடி என்றால், டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுத்து, மடித்து அடுக்குகிற வேலை. சின்ன வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டெய்லராக இருந்து கைமடிக்கு இறங்கியவளை எந்தக் கம்பெனியும் லேசில் மறுபடி மெஷினில் உட்கார வைப்பதில்லை. டெய்லர் என்ற பெயர் ஒரு தடவை போனால் போனதுதான்.

அளவுத் தாள்களைப் பார்த்துப் பட்டியல் எழுதினேன். முதல் பெயர் மரியசெல்வி. ராமநாதபுரத்துப் பக்கம் கடலோர ஊர். எட்டு வருடமாக எங்களிடம் ஓவர்லாக் மெஷினில் ஓரம் மூட்டித் தைக்கிறாள். முப்பது வயதிருக்கும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் வயதான தாயாரும் கூட இருந்தார்கள். அதிகம் பேச மாட்டாள். எண்ணிக்கை குறைந்த நாட்களில், யாரும் கேட்பதற்குமுன் அவளே சூப்பர்வைசரிடம் போய்த் தலை குனிந்து நிற்பாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

பட்டியலைக் கொடுப்பதற்குமுன் அதில் உள்ளவர்களை இன்னொரு தடவை அளக்க வேண்டும் என்பது தங்கமுத்து சார் வைத்த விதி. அதனால் ஒரு நாள் முழுக்க அவள் தோளோரம் நின்றேன். காலையில் மூன்று முறை, மத்தியானம் மூன்று முறை. காலையில் எடுத்த நேரங்களைப் பார்த்ததும் வாட்ச்சை ஒரு முறை குலுக்கிக் காதில் வைத்தேன். சார்ட்டைவிட வேகம். பதினொரு மணிக்கு மேல் மெல்ல இறங்கியது. மூன்று மணிக்கு, வேறு ஒருத்தி தைப்பது போல் இருந்தது. கண்ணில் வியர்வை இறங்க இறங்கப் புறங்கையால் துடைத்துக்கொண்டே தைத்தாள். துடைக்க ஆகும் விநாடியையும் நான் அளந்தேன். ஈரக் கை பட்டால் துணியில் கறை விழும். அதனால் ஒவ்வொரு தடவையும் கையைச் சேலையில் ஒற்றிவிட்டுத்தான் அடுத்த பீஸை எடுத்தாள்.

டீ இடைவேளையில் ஊர் பற்றிக் கேட்டேன். மழை இல்லை, கண்மாய் காய்ந்தது, கிளம்பி வந்தோம் என்றாள். எங்கள் பக்கமும் மழை இல்லாத பூமிதான், கிணறு வெட்டித்தான் நிமிர்ந்தோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன். சார் சொன்னது மனதில் இருந்தது.

அவள் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எங்க ஊர்லயும் தோண்டுனோம்ணே. எங்கய்யா தோண்டுனாக, எங்க சித்தப்பா தோண்டுனாக. எம்புட்டு ஆழம் போனாலும் உப்புத் தண்ணிதேன் வந்துச்சு.”

எங்கள் ஆட்களும் அவள் ஆட்களும் பட்ட பாடு ஒன்றுதான். இங்கே பாறைக்குக் கீழே நல்ல தண்ணீர் இருந்தது, அங்கே உப்பு இருந்தது. மண் செய்கிற வேலை பெரிது. அதில் ஹென்ரிக் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவள் அந்த மண்ணை விட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டாளே. இங்கே அவளை மத்தியானத்தில் மெதுவாக்குவது எது?

நிமிர்ந்து பார்த்தேன். அவள் உட்கார்ந்திருந்தது ஷெட்டின் மேற்குச் சுவரோரம். ஜன்னல் கிடையாது. மத்தியானத்துக்குமேல் வெயில் முழுக்க அந்தச் சுவரில்தான் விழும். சுவரில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். பட்டியலை விரித்து மற்றப் பெயர்களைப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் பன்னிரண்டு பேரும் மேற்குச் சுவர் வரிசை. பத்துப் பேர் தெற்கத்திப் பெண்கள், இரண்டு பேர் பீகார்.

அந்த ஷெட்டில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று வரைபடம் போட்டவன் நான். பழைய ஆட்களுக்குக் கிழக்கு ஜன்னலோரம், அப்போது புதிதாக வந்தவர்களுக்கு மிச்சமிருந்த இடம். அப்புறம் அதை மாற்றவே இல்லை. யாரையும் தண்டிக்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. அந்தச் சுவரைப் பற்றி நினைத்ததே இல்லை, அவ்வளவுதான். பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தங்கமுத்து சாரிடம் போய் அப்படியே சொன்னேன். வரைபடம் போட்டது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. பென்சிலை உருட்டிக்கொண்டே, கிழக்குப் பக்கத்தில் உங்கள் கெட்டிக்கார டெய்லர் யார் என்று கேட்டார். சாந்தாமணி என்றேன். பல்லடத்துப் பெண். டார்கெட்டைத் தவறவிட்ட நாளே கிடையாது. இரண்டு பேரையும் மூன்று நாளைக்கு இடம் மாற்றிப் போடுங்கள் என்றார். அவரவர் மெஷின் மாறக் கூடாது, துணி மாறக் கூடாது, உட்காரும் இடம் மட்டும் மாற வேண்டும். அவர் சொன்னபடி மெஷின்களைத் தூக்கியே இடம் மாற்றினோம்.

முதல் நாள் மத்தியானமே சாந்தாமணி டார்கெட்டுக்குக் கீழே போனாள். இரண்டாம் நாள் இன்னும் குறைந்தது. மூன்று மணி அளவை எடுத்து முடித்ததும் மெஷினை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“அண்ணா, அந்த வாட்ச்சு செரியா ஓடுதுங்ளா?”

ஓடுது என்றேன். இல்லை, வேறு வாட்ச் கொண்டு வாருங்கள் என்றாள். கொண்டு வந்தேன். அதுவும் அதையே காட்டியது. அப்புறம் மெஷினைக் குறை சொன்னாள். அவளுடைய மெஷின்தான் அது. அப்புறம் துணி கனம் என்றாள். கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடமாக இங்கே எப்படிங்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்று, என்னிடம் கேட்பதுபோலவும் இல்லாமல் மெதுவாகக் கேட்டாள்.

கிழக்கு ஜன்னலோரம் மரியசெல்வி மூன்று நாளும் டார்கெட்டைத் தாண்டினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் தாளை அவளிடம் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் திரும்பத் திரும்ப அந்த எண்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு, எனக்குக் கை வராதுன்னுல்லண்ணே நெனச்சுக்கிட்டிருந்தேன் என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்தபோது இந்த இரண்டு பேரும்தான் மனதில் இருந்தார்கள். ஒரே சுவர், ஒரே வெயில். சாந்தாமணி சந்தேகப்பட்டது வாட்ச்சை. மரியசெல்வி எட்டு வருடமாகச் சந்தேகப்பட்டது தன்னை. வெயில் ஒருத்தியின் கையை மெதுவாக்கலாம். நீ மெதுவானவள் என்று அவளையே நம்ப வைத்தது வெயில் அல்ல, நான் ஒட்டிய தாள். வேப்பமரத்தடியில் படுத்திருந்த அப்பாவைப் பற்றி நானே என்ன நம்பியிருந்தேன்? அவர் கோழி கூவுவதற்குமுன் எழுந்து வாய்க்காலில் தண்ணீர் திருப்பியவர். பத்து மணிக்குள் ஒரு நாள் வேலையை முடித்துவிடுவார். அந்த மத்தியானத் தூக்கம் அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட களைப்பு அலவன்ஸ். அதைச் சோம்பல் என்று பெயர் வைத்துக்கொண்டு வெட்கப்பட்டவன் நான்.

ஹென்ரிக்கிடம் தாள்களைக் கொடுத்தோம். அவர் ஒன்று சொன்னார். அதற்காகவே இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை. தாளை நம்பாமல் இல்லை, ஆனால் நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, மேற்குச் சுவரோரம், அந்தச் சின்ன ஸ்டூலில், அவ்வளவு உயரமான மனிதர் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். பழகிய கை. முதல் பத்துப் பீஸை அழகாகத் தைத்தார். நான் இடது தோளோரம் நின்று அளந்தேன். ஷெட்டே எட்டிப் பார்த்தது.

முக்கால் மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. முகம் குங்குமமாகிவிட்டது. போதும் என்று தங்கமுத்து சார் இரண்டு தடவை சொன்னார். ஹென்ரிக் தலையாட்டிவிட்டுத் தைத்தார். மூன்றேகாலுக்கு ஒரு பீஸ் கோணலாகப் போனது. அதைப் பிரிக்க முயன்று, முடியாமல் வைத்துவிட்டார். மரியசெல்வி கிழக்கிலிருந்து எழுந்து வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். அண்ணாந்து குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது.

பிறகு ஆபீசில் என் அட்டையைக் கேட்டு வாங்கினார். அவர் வேகமும் சார்ட்டுக்குக் கீழேதான். அந்தச் சார்ட்டுக்காக அளவு எடுத்தவர்களில் தானும் ஒருவன் என்று அப்போதுதான் சொன்னார். அவர் ஊரில், குளிர்காலத்தில், அறையைக் கதகதப்பாக்கி வைத்து அளந்தார்களாம். தாளில் மெஷினின் பெயர், ஊசியின் அளவு, துணியின் எடை எல்லாம் எழுதினோம், அறை எவ்வளவு சூடு என்று எழுத எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்றார். என் தாளின் தலைப்பில், தன் கையாலேயே அதற்கு ஒரு கட்டம் வரைந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெயில் மாதங்களுக்குத் தனி அலவன்ஸ் வேண்டும் என்று அவர் எழுதிய அறிக்கையை அவருடைய ஆபீஸ் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லா நாட்டுக்கும் ஒரே சார்ட் என்று பதில் வந்தது. ஆனால் பட்டியல் கிழிக்கப்பட்டது. தங்கமுத்து சார் முதலாளியைக் கூட்டிவந்து அந்த ஸ்டூலில் பத்து நிமிடம் உட்கார வைத்தார். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து மேலே தென்னங்கீற்று போட்டோம். மேற்குச் சுவரில் இரண்டு ஜன்னல் திறந்தோம். வாரம் ஒரு முறை வரிசை மாற்றி உட்கார வைத்தோம். கிழக்கு ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவர்களை அடக்கியது சாந்தாமணிதான். நானே போயி உக்காந்து வந்தவ, உங்களுக்கென்னவாம் என்று கேட்டாளாம். மூன்று வாரம் கழித்துச் சரக்கு கப்பலேறியது, இரண்டு நாள் தாமதமாக.

தங்கமுத்து சாருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. போய்ப் பார்த்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்.

மரியசெல்வியிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டேன். உங்களை அங்கே உட்கார வைத்து வரைந்தவன் நான் என்று சொன்னேன். அவள், தெரியும்ணே என்று மட்டும் சொல்லிவிட்டு நூல் கோக்கப் போய்விட்டாள்.

அடுத்த வருடம், பங்குனி கடைசியில், புது ஸ்டைல் ஒன்றுக்கு நேரம் அளக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் அவள் முறை நடு வரிசையில். அட்டையோடு போய் இடது தோளோரம் நின்றேன். அவள் பீஸை எடுத்தவள், எடுத்த கையோடு நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை.

“செத்த இருங்கண்ணே. அந்த ஃபேன இங்கிட்டுத் திருப்பிட்டு அப்புறம் அளங்க.”

வாட்ச்சை மேஜையில் வைத்துவிட்டுப் போய் ஃபேனைத் திருப்பினேன். இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினாள். இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.